ரயிலடிக் கடையின் கட்டுப்பாட்டுக் குழு

செர்பியாவின் நீஷ் நகரத்துப் பொருளாதாரக் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்றால் கேள்வித்தாள் அடிக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் பேராசிரியர் ராதிவோயேயிடம் ஆய்வு செய்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பால்பண்ணைத் தொழிலாளரின் மனநிறைவு, வங்கி ஊழியரின் மனநிறைவு, பெயின்ட் வியாபாரிகளின் மனநிறைவு. 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். பேனாவை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாக டிக் போட்டுவிட்டு, "அவ்வளவுதானே? உக்காருங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். நானும் அப்படி ஒரு கேள்வித்தாளால் டாக்டர் ஆனவன்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்த கலினாவுக்குத்தான் வருத்தம்.

கலினா கல்லூரியில் படிக்கும்போது ஒரு கோடை முழுக்க ரொட்டிக் கடையில் புரெக் என்கிற, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியை விற்றவள். காலையில் ஊரே வேலைக்குப் போகிற வழியில் இறைச்சி புரெக்கையும் ஒரு குவளைத் தயிரையும் நின்றபடியே விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அடுத்த வாரம் காலை ஷிஃப்டா மாலை ஷிஃப்டா என்பது சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஒட்டுகிற தாளைப் பார்த்தால்தான் தெரியும் என்பதுதான் பிடிக்கவில்லை. ஒருநாள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள். பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்தபோது அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டாள். கடைப் பெண்கள் தங்கள் ஷிஃப்டைத் தாங்களே போட்டுக்கொண்டால், வேலையை விட்டுப் போவது குறையுமா?

கேள்வி கிடைத்துவிட்டது, அதற்குப் பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தீர்மானிக்கத்தான் ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. பேட்டி எடுக்கலாமா என்று முதலில் பார்த்தாள். ஒத்திகைக்காக ஒரு கடைப் பெண்ணிடம் பேசினாள். "எங்க முதலாளி தங்கமான மனுஷன், சாகிற வரைக்கும் இங்கதான்" என்று அந்தப் பெண் கண் கலங்கச் சொன்னாள். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரியாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஒரே கடையில் போய் உட்கார்ந்து மாதக்கணக்கில் கவனிக்கலாமா என்று அடுத்துப் பார்த்தாள். கவனிக்கலாம்தான். ஆனால் ஷிஃப்டை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் அவள் வந்து நின்ற இடம் சோதனை. ஒரே மாதிரியான இரண்டு கடைகள். ஒன்றில் பெண்களே ஷிஃப்டைப் போட்டுக்கொள்வார்கள், அது சோதனைக் குழு. இன்னொன்றில் எதையும் தொடுவதில்லை, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதன் பெயர் கட்டுப்பாட்டுக் குழு.

பேராசிரியர் ராதிவோயேக்கு இது பிடிக்கவில்லை.

"ஏம்மா, நடுவுல ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டான்னா?"

"அதுக்குத்தான் சார் ரெண்டு கடை. கல்யாணம் ரெண்டு கடையிலயும்தானே நடக்கும்."

"கேள்வித்தாள் எங்கயும் ஓடிப்போகாது. மனுஷங்க ஓடிப்போயிடுவாங்க."

"சார், ஓடிப்போறாங்களா இல்லையான்னுதான் நான் பாக்கறதே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, செஞ்சு பாரு. எதுக்கும் ஒரு கேள்வித்தாளும் அடிச்சு அலமாரியில வச்சுக்கோ" என்றார்.

கடைகளுக்கு அவள் பிடித்தது திஹோமிர் என்பவரை. ஊரில் பல ரொட்டிக் கடைகள் வைத்திருந்தார். அமைச்சர்கள் யாராவது வந்தால் கை குலுக்கிப் படம் எடுத்து மாட்டிக்கொள்வார். கலினா விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"அறிவியல் முறைப்படி நடக்கிற ரொட்டிக் கடைன்னு பலகை வைக்கலாமா?"

"இப்ப வேணாம் முதலாளி. யாருக்கும் தெரியக் கூடாது. அதுலயும் எதுவும் செய்யாம விடப்போற கடைக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவங்க மனசு மாறிடும், ஒப்பிட முடியாது."

"என் வாயிலேருந்து ஒரு சொல் வராது" என்று நெஞ்சில் கை வைத்தார்.

கோட்டைக் கடை, ரயிலடிக் கடை என்று இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே விற்பனை, ஒரே மாதிரி ஆட்கள். யாருக்கு எது என்று அவளாக முடிவு செய்யக் கூடாது என்பதால் அவர் எதிரிலேயே ஒரு தினார் காசைச் சுண்டினாள். "எந்தப் பக்கம் விழுந்தா நான் ஜெயிச்ச மாதிரி?" என்று திஹோமிர் ஆர்வமாகக் கேட்டார். கோட்டைக் கடை சோதனைக் குழு ஆனது. ரயிலடிக் கடை கட்டுப்பாட்டுக் குழு ஆனது. செப்டம்பரில் தொடங்கி குளிர்காலம் முடியும் வரை பார்ப்பது என்று ஏற்பாடு.

திஹோமிர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவில்லை. கலினா வரைந்து கொடுத்த திட்டப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, தன் நாற்காலிக்குப் பின்னால், அமைச்சர்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான்.

கடைகளுக்கு மாவுத் தட்டுகளை வேனில் கொண்டுபோகிற ஸ்ரேதன் தினமும் காலையில் அந்த அறைக்குக் கையெழுத்து வாங்க வருவான். படத்தைப் பார்த்தான். நேராக ரயிலடிக் கடைக்குப் போனான்.

அந்தக் கடையில் மூத்தவள் வெர்கா. ஐம்பதைத் தாண்டியவள், கனத்த உடம்பு, கனத்த குரல். அவள் புருஷன் நகரப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மொழியில் டிக்கெட் பரிசோதனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் ஒரே சொல்தான். கட்டுப்பாடு என்கிற சொல்லுக்கு அந்த வீட்டில் அந்த ஒரே அர்த்தம்தான்.

"வெர்கா அக்கா, மாவு கீவு எல்லாம் தட்டிட்டு நிமிர்ந்து நில்லு" என்றான் ஸ்ரேதன். "உங்களுக்குப் பதவி வந்திருக்கு."

"போடா, காலங்காத்தால குடிச்சிட்டு வந்துட்டியா?"

"சத்தியமா. முதலாளி ரூம்ல எழுதியே போட்டிருக்கு. கல்லூரிக்காரங்க போட்டது. கோட்டைக் கடை சோதனைக் குழுவாம். நீங்க கட்டுப்பாட்டுக் குழு."

வெர்கா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அதாவது அவங்கள சோதனை போடறாங்க?"

"பின்னே?"

"நாம கட்டுப்பாட்டுல வச்சுக்கணும்?"

"எழுத்துல இருக்குக்கா. நான் சொல்லல."

"எனக்குத் தெரியும்டா" என்றாள் வெர்கா, மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து. "அந்த சுசானா கடையில இறைச்சிய விட வெங்காயம்தான் ஜாஸ்தின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மேலிடத்துக்கு எட்டிடுச்சு பாத்தியா."

இதெல்லாம் கலினாவுக்குத் தெரியாது. அக்டோபரில் ஒருநாள் கணக்கு எடுக்கக் கோட்டைக் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெர்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வெர்கா அக்கா, நீங்க இங்க எங்க?"

"சொல்லாம வந்தாத்தானே பொண்ணே பரிசோதனை?" என்று கண்ணைச் சிமிட்டினாள் வெர்கா.

கோட்டைக் கடையின் மூத்தவளான சுசானா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். முகம் அடுப்பாக இருந்தது. "இதோ பாரும்மா, இந்த மகாராணி வாரம் தவறாம வந்து என் புரெக்க நிறுத்துப் பாக்கறா. போன வாரம் எங்க பொண்ணு ஒருத்தியோட நகத்தப் பாத்தா. கேட்டா நீதான் அனுப்பினேங்கறா."

"நான் பேர் சொல்லல" என்றாள் வெர்கா. "கல்லூரின்னுதான் சொன்னேன்."

கலினா திரும்பி வந்து, எங்கள் அறையில் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இதுல நீ அழ என்ன இருக்கு? போய் உண்மையச் சொல்லிடு" என்றேன்.

"என்னன்னு? உங்களுக்குப் பதவியும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்களுக்கு மட்டும் எதுவும் செய்யாம விட்டிருக்கோம், பக்கத்துக் கடைக்காரிங்க எவ்வளவு சுகமா இருக்காங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கத்தான் நீங்கன்னா?"

"ஆமா. அதுதானே உண்மை."

"சொன்னா நாளைக்கே ரெண்டு பேராவது ரோஷப்பட்டு வேலைய விட்டுடுவாங்க."

"விட்டா?"

"விட்டா என் ஆய்வு நான் நெனச்ச மாதிரியே முடியும். சோதனைக் குழு இருக்கும், கட்டுப்பாட்டுக் குழு போயிடும். பேராசிரியர் கை தட்டுவாரு."

"அப்ப சொல்லேன், எதுக்கு யோசிக்கற?"

"அது திருட்டுடா" என்றாள்.

கட்டுப்பாட்டுக் குழுவைத் தொடக் கூடாது என்பது அவளே போட்ட விதி. அந்த விதிப்படி அவள் தொடவில்லை. ரயிலடிக் கடைப் பெண்கள் தங்கள் பதவியில் செழித்தார்கள். வெர்கா எல்லோருக்கும் ஏப்ரனைக் கஞ்சி போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். கோட்டைக் கடையைப் பரிசோதிக்கப் போகிறவர்களின் கடையில் குறை இருக்கலாமா? யார் பரிசோதனைக்குப் போகிறாளோ அவள் ஷிஃப்டை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள். திஹோமிர் சுவரில் ஒட்டிய தாள் ஒரு பக்கம் இருக்க, யார் எப்போது வருவது என்பதை அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். அதாவது, எதுவும் கொடுக்கப்படாத கடையில் எல்லாமே நடந்தது. கொடுத்தது யார் என்றுதான் சொல்ல முடியாது.

கோட்டைக் கடையில் வேறு கதை. ஷிஃப்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்ன முதல் வாரம் கேக் வெட்டினார்கள். இரண்டாவது வாரம் எல்லோருக்கும் காலை ஷிஃப்ட் வேண்டியிருந்தது. பிள்ளை இருக்கிறவள் பிள்ளையைச் சொன்னாள். பிள்ளை இல்லாதவள், "பெத்துக்கலன்னா எனக்கு ராத்திரி ஆகாதா?" என்று கேட்டாள். சுசானா சீட்டுக் குலுக்கிப் பார்த்தாள். குலுக்கியதில் அவளுக்கே காலை ஷிஃப்ட் விழுந்தபோது, சீட்டு மடித்தது யார் என்ற கேள்வி எழுந்தது. எல்லாவற்றையும் மூடி முடித்தது டிசம்பரில் வருகிற புனித நிக்கோலாஸ் நாள். செர்பியாவில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்தான் குலப் புனிதர். கோட்டைக் கடையில் ஒருத்தியைத் தவிர அத்தனை பேருக்கும் அவரே. அன்று வீட்டில் விருந்து. மீன் பொரிக்க வேண்டும், புனிதரின் ரொட்டியைப் பாதிரியார் வந்து வெட்ட வேண்டும், சொந்தக்காரர்கள் அழைக்காமலே வருவார்கள். யாரும் கடைக்கு வர மாட்டேன் என்றார்கள். வேறு புனிதரைக் கும்பிடுகிற அந்த ஒருத்தி, "உங்க நிக்கோலாஸுக்காக நான் மட்டும் சாகணுமா?" என்று கத்திவிட்டு, எதிரே இருந்த செருப்புக் கடையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். புனித நிக்கோலாஸ் நாளன்று கோட்டைக் கடை மூடியிருந்தது. கதவு மூடியிருப்பதை வெர்கா வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஜனவரியில் இன்னொருத்தி போனாள். அதற்குப் பிறகு சுசானா மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு திஹோமிரிடம் போனாள்.

"முதலாளி, பழையபடி நீங்களே ஷிஃப்டப் போட்டு ஒட்டிடுங்க."

"ஏம்மா, சுதந்திரம் வேணாமா?"

"எங்களுக்குள்ள அடிச்சுக்க முடியல. நீங்க போட்டா எல்லாரும் சேந்து உங்க மேல கோபப்படலாம். நிம்மதியா இருக்கும்."

குளிர்காலம் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது. சோதனைக் குழுவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இல்லை. கட்டுப்பாட்டுக் குழுவில் ஒருவர்கூடப் போகவில்லை, விடுப்பு எடுக்கவில்லை, ஜுரம்கூட வரவில்லை. கலினா அந்தத் தாளை ராதிவோயேயிடம் கொண்டுபோய் வைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கடைசி வரை கேட்டார்.

"நல்ல கதை" என்றார். "கல்யாண வீட்டுல சொன்னா சிரிப்பாங்க. இத வச்சுப் பட்டம் குடுக்க முடியாதும்மா. ஒரு குழுவோட விஷயம் இன்னொண்ணுல கலந்துடுச்சு. வடிவமைப்பே உடைஞ்சு போச்சு."

"உடைஞ்சதுதான் சார் முக்கியம். ஷிஃப்ட் அவங்கள வேலையில நிறுத்தி வைக்கல. 'நாமளும் ஒரு ஆளு'ன்னு அவங்க நெனச்சதுதான் நிறுத்தி வச்சுது. எப்படி உடைஞ்சதுன்னு எழுதறேனே, அதுவே ஒரு ஆய்வுதானே?"

"அதுக்கு அட்டவணை எங்க?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. "உனக்கு உதவித்தொகை இந்த வருஷத்தோட முடியுது. அலமாரியில அந்தக் கேள்வித்தாள் இருக்கா?"

இருந்தது. திஹோமிரின் எல்லாக் கடைகளிலும் கொடுத்தாள். எல்லோரும் எல்லாவற்றையும் முற்றிலும் ஒப்புக்கொண்டார்கள். 'என் ஷிஃப்டை நானே தீர்மானிப்பது எனக்கு மனநிறைவு தரும்' என்ற வரிக்கு, கோட்டைக் கடைப் பெண்களும்கூடக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். சுசானா மட்டும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதப் பாத்துட்டு திரும்பவும் ஆரம்பிச்சிட மாட்டியே?" என்று கேட்டாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. சோதனை முடிந்ததும் அதில் இருந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று கல்லூரி விதி. கலினா அதை நாள் கணக்கில் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரத்தில், ரயிலடிக் கடைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வெர்கா எங்களுக்கு ஸ்டூல் போட்டாள். கலினா சுற்றி வளைக்காமல் சொன்னாள். கட்டுப்பாட்டுக் குழு என்றால் மற்றவர்களைக் கட்டுப்படுத்துகிறவர்கள் என்று அர்த்தம் இல்லை. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்கள் என்று அர்த்தம். தெரிந்தும் அக்டோபரிலேயே சொல்லாமல் இருந்தது தன் தப்பு. மன்னிக்க வேண்டும்.

ரயில் ஒன்று வந்து நின்று போனது. வெர்கா கலினாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாரு சொல்லச் சொன்னா?" என்றாள் வெர்கா.

"யாரும் இல்லக்கா. விதி."

"சுசானா போய் முதலாளி கால்ல விழுந்திருப்பா. நாங்க பரிசோதிச்சுக் கண்டுபிடிச்சத அமுக்கறதுக்கு வழி பண்றாங்க. உன்னைப் பிடிச்சு மிரட்டியிருக்காங்க. பாவம், படிக்கிற பொண்ணு, நீ என்ன பண்ணுவ." எழுந்து வந்து கலினாவின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "அழாத கண்ணு. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

கலினா இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறை படம் வரைந்து காட்டினாள். படத்தைப் பார்த்த ஒரு பெண், "ஆமா, இதேதான் ஸ்ரேதன் சொன்னான்" என்று ஒப்புக்கொண்டாள். கிளம்பும்போது ஆளுக்கொரு புரெக் சுற்றிக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கலினா அந்தப் பொட்டலத்தைத் திறக்கவே இல்லை.

ஆய்வேட்டில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது, 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில், கடைசிப் பக்கங்களில். அடுத்த குளிர்காலத்தில் நடந்த வாய்மொழித் தேர்வுக்குப் பெல்கிராடிலிருந்து ஒலிவேரா என்ற பேராசிரியை வந்திருந்தார். ஏட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பத்தியில் நின்றார். முதலில் புன்னகைத்தார், பிறகு எல்லோர் எதிரிலும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதையல்லவா நீங்க எழுதியிருக்கணும்? முன்னால இருக்கற நூத்துக்கணக்கான பக்கத்த ஏன் எழுதினீங்க?"

கலினா ராதிவோயேயைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அதுல அட்டவணை இல்லீங்க மேடம்" என்றாள் கலினா.

ஒலிவேரா சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிறப்புத் தகுதியோடு பட்டம் கொடுத்தார்கள். இரவு விருந்தில் திஹோமிர் ராக்கியா என்ற பழச்சாராயக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அறிவியலின் முடிவை அவர் தன் போக்கில் புரிந்துகொண்டிருந்தார். மறு வாரமே தன் கடைகள் அத்தனையையும் கட்டுப்பாட்டுக் குழுவாக அறிவித்து, எல்லாப் பெண்களுக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள வில்லை கொடுத்தார். எல்லோரும் கட்டுப்படுத்துகிறவர்களாக ஆன பிறகு கட்டுப்பட யாரும் இல்லை. வில்லைகள் சில நாளில் இழுப்பறைக்குப் போய்விட்டன.

வெர்காவுக்கு அது பெரிய அவமானம். "சுசானாவும் நானும் ஒண்ணா?" என்று கேட்டாளாம். ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு எங்கள் அறைக்கு வந்தாள், தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்கிற கோட்டில். ஊரில் புதிதாகக் கடை திறக்கிற இன்னொரு ரொட்டிக் கம்பெனி பரிசோதகர் வேலைக்கு ஆள் தேடுகிறதாம். முன் அனுபவம் வேண்டுமாம்.

"நீதான் கண்ணு எழுதிக் குடுக்கணும். கல்லூரி முத்திரையோட."

கலினா நீண்ட நேரம் எழுதினாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'எங்கள் கல்லூரி நடத்திய ஆய்வில் இவர் குளிர்காலம் முழுவதும் கட்டுப்பாட்டுக் குழுவில் இடம்பெற்றிருந்தார். அக்காலத்தில் அக்குழுவிலிருந்து எவரும் விலகவில்லை.'

வெர்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "இடம்பெற்றிருந்தார்னா என்னமோ வேடிக்கை பாத்துட்டு நின்ன மாதிரி இருக்கு. 'திறம்பட'ன்னு ஒண்ணு சேரேன்."

கலினா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் 'திறம்பட' என்று சேர்த்து, வேறு தாளில் அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தாள். வெர்கா அவளுக்கு மூன்று முத்தம் கொடுத்துவிட்டு, தாள் மடங்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வேலை கிடைத்துவிட்டது. ரயிலடிக் கடையில் மிச்சம் இருந்த பெண்களில் இரண்டு பேரை வெர்கா அந்த வசந்தத்திலேயே தன்னோடு கூட்டிக்கொண்டாள், மற்றவர்களைக் கோடையில். திஹோமிர் கலினாவுக்குப் போன் போட்டு, அறிவியல் எங்கே தப்பு செய்தது என்று வருத்தத்தோடு கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.